பத்தொன்பதாம் நாள்



மகாபாரதப் போர் பதினெட்டு நாள் நடந்தது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பத்தொன்பதாம் நாள் என்ன நடந்தது என்று கேட்டால் பெரியவர்களே சற்றுத் தயங்குவார்கள். பாரதத்தின் 18 பருவங்களில், போர் பத்தாவதான சௌப்திக பருவத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னும் எட்டுப் பருவங்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது ஸ்திரீ பர்வம். 27 அத்தியாயங்கள் கொண்ட சின்னப் பருவம். மாண்டவர்களைத் தேடிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பெண்கள் குருட்சேத்திரத்துக்கு வந்த கதை அது.

தமிழ்நாட்டில் இந்தப் பருவம் அதிகம் பழக்கமாகாமல் போனதற்குக் காரணம் உண்டு. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் வில்லிபுத்தூரார் பாடிய பாரதமே இங்கே பாரதம் என்று நிலைத்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பத்துப் பருவங்களைப் பாடி, போர் ஓய்ந்த இடத்தில் அவர் நூலை நிறுத்திக்கொண்டார். 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை மீதிப் பருவங்களையும் சேர்த்துப் பாடினார். பிறகு கும்பகோணத்தில் ம.வீ. இராமானுஜாசாரியார், பண்டிதர்கள் பலரைக் கொண்டு முழு பாரதத்தையும் தமிழ் உரைநடையில் பெயர்த்துப் பதிப்பித்தார்; அதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். இவ்வளவு இருந்தும் மேடையிலும் தொலைக்காட்சித் தொடரிலும் துரியோதனன் தொடை முறிந்ததும் கதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மிஞ்சினால் ஒரு பட்டாபிஷேகம்.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றுதான். வீரத்தைப் பற்றி வியாசர் என்ன நினைத்தார் என்று அறிய வேண்டுமானால், பீஷ்ம பருவமும் துரோண பருவமும் படித்தால் போதாது. வில்லெடுத்தவர்களைப் பற்றிய கடைசித் தீர்ப்பை அவர்களுடைய மனைவிமார் வாயில் வைத்திருக்கிறார் அவர். அந்தத் தீர்ப்பு ஸ்திரீ பர்வத்தில் இருக்கிறது.

போர் நடந்த நாளெல்லாம் அதைக் கண்டு சொன்னவன் சஞ்சயன். கேட்டவன் கண்ணில்லாத திருதராட்டிரன். துரியோதனன் உயிர் பிரிந்த விடியலில், வியாசர் அருளியிருந்த ஞானப் பார்வை சஞ்சயனை விட்டுப் போய்விடுகிறது. அடுத்த பருவத்தில் அதே போன்ற பார்வை இன்னொருவருக்கு வாய்க்கிறது. அவள் காந்தாரி. மாப்பிள்ளைக்குக் கண் தெரியாது என்று கேள்விப்பட்ட அன்றே துணியைப் பல மடிப்பாக மடித்துத் தன் கண்ணைக் கட்டிக்கொண்டவள். கணவனைத் தாழ்வாக நினைக்கும் எண்ணம் தனக்கு ஒருநாளும் வந்துவிடக் கூடாது என்பதே அவள் கருத்து என்கிறது ஆதி பருவம். கணவனுக்காக உலகத்தைப் பார்க்க மறுத்தவளுக்கு, இத்தனை ஆண்டுக்குப் பின் காணக் கிடைத்தது பிணக்களம். போரைச் சொன்னது ஓர் ஆண், கேட்டது இன்னோர் ஆண். போர் விட்டுச்சென்றதைச் சொல்வது ஒரு பெண். அவள் சொல்வதும் வேறு யாரிடமும் இல்லை, கிருஷ்ணனிடம். இந்த அமைப்பு தற்செயலாக வந்ததென்று கொள்ள முடியாது.

களத்துக்கு வருமுன் நடந்ததையும் பார்க்க வேண்டும். அஸ்தினாபுரத்திலிருந்து திருதராட்டிரன் புறப்படுகிறான். பின்னால் மருமகள்கள், பணிப்பெண்கள், நகரத்து விதவைகள். அந்தப்புரத்தை விட்டு வெளியே வந்தறியாதவர்கள், விரித்த கூந்தலும் ஒற்றைப் புடவையுமாகத் தெருவில் நடக்கிறார்கள். ஊர் பார்க்கிறது, பார்க்கிறதே என்று நாண அவர்களுக்கு நேரமில்லை. ஒரு குரோச தூரம் போனதும் எதிரே மூன்று பேர் வருகிறார்கள்: கிருபர், கிருதவர்மன், அசுவத்தாமன். கௌரவர் பக்கத்துப் பெரும் படையில் எஞ்சிய மகாரதர்கள் இவர்களே. முந்தின இரவு, தூங்கிக்கொண்டிருந்த பாண்டவர் பாசறையில் புகுந்து திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் வெட்டிவிட்டு வந்தவர்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு, பாண்டவர்கள் துரத்தி வருவார்கள் என்று அஞ்சி, மூவரும் மூன்று திசையாகப் பிரிந்து ஓடுகிறார்கள். போர் தந்த கடைசி வீரச்செயல் அது. அதன் முடிவு ஓட்டம்.

பீமனைத் தழுவுவதாகச் சொல்லித் திருதராட்டிரன் இரும்புப் பதுமையை நொறுக்கிய கதை பலருக்கும் தெரியும். அதைவிடக் கனமானது, அதற்குப் பின் காந்தாரிக்கும் பீமனுக்கும் நடக்கும் பேச்சு. காந்தாரி சபிக்கப் போகிறாள் என்று உணர்ந்து வியாசரே வந்து தடுக்கிறார். போர் நடந்த நாட்களில் துரியோதனன் தாயிடம் வெற்றி பெற வாழ்த்தும்படி கேட்டபோதெல்லாம், அறம் இருக்கும் பக்கமே வெற்றி இருக்கும் என்றுதானே சொன்னாய் என்று நினைவூட்டுகிறார். பெற்ற பிள்ளைக்குக்கூடப் பொய் வாழ்த்துச் சொல்லாதவள் அவள். கோபத்தை அடக்கிக்கொள்கிறாள். ஆனால் கேள்விகளை அடக்கவில்லை.

நாபிக்குக் கீழே அடித்தது எந்த வீரம் என்கிறாள். பீமன் மழுப்பவில்லை. பயத்தினால் செய்தேன், நேராக நின்று அவனை வெல்ல என்னால் ஆகாது என்று ஒப்புக்கொள்கிறான். துச்சாதனன் ரத்தத்தைக் குடித்தாயே என்கிறாள். உதட்டையும் பல்லையும் தாண்டி உள்ளே போகவில்லை அம்மா என்கிறான். பாரதத்தின் பெரும் பலசாலி, சூள் உரைத்தபடி பழிவாங்கிய மாவீரன், ஒரு கிழவி முன்னால் நின்று, தொண்டைக்குள் இறங்கவில்லை என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பிறகு அவள் கேட்கிறாள்: நூறு பேரில் குற்றம் குறைந்தவன் ஒருவன்கூடவா இல்லை, கண்ணில்லாத எங்கள் இருவருக்கும் ஊன்றுகோலாக ஒருவனை விட்டிருக்கக் கூடாதா? இதற்குப் பீமனிடம் பதிலில்லை. அவள் அடுத்து யுதிஷ்டிரனைக் கேட்கிறாள். அவன் வந்து பாதத்தில் விழக் குனிகிறான். கட்டின துணியின் இடுக்கு வழியாக அவள் பார்வை அவன் கால் விரல் நுனியில் படுகிறது. அழகாக இருந்த நகங்கள் அந்தக் கணமே கருகிப்போகின்றன. அதைப் பார்த்த அர்ஜுனன் கிருஷ்ணனுக்குப் பின்னால் போய் மறைகிறான். காண்டீவம் ஏந்தியவன் ஒளிந்துகொண்ட இடம் இது.

அங்கேயே திரௌபதி வருகிறாள். ஐந்து பிள்ளைகளை ஒரே இரவில் இழந்தவள், வெற்றி பெற்றவர்களின் மனைவி. அவளைக் காந்தாரி வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். மகளே என்று அழைத்து, என்னையும் பார், உன்னைப் போலத்தான் நானும், நம் இருவரையும் தேற்ற யார் இருக்கிறார்கள் என்கிறாள். இந்தக் குலம் அழிந்ததில் தன் குற்றமும் உண்டு என்று அவளே சொல்லிவிடுகிறாள். வென்ற பக்கத்துப் பெண்ணும் தோற்ற பக்கத்துப் பெண்ணும் ஒரே இடத்தில் நின்று அழும் இதை விட்டுவிட்டு, கூந்தல் முடித்ததோடு திரௌபதியின் கதையை முடிப்பவர்கள் அவளுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டார்கள்.

இனிக் களம்.

பெண்கள் தேடுகிறார்கள். நாயும் நரியும் கழுகும் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டன. ஒருத்தி ஒரு தலையை எடுத்து, பக்கத்தில் கிடக்கும் முண்டத்தோடு பொருத்திப் பார்க்கிறாள். இது அவர் தலை இல்லை என்று தெரிந்ததும் வேறு தேடிப் போகிறாள். இன்னொருத்தி, சிதறிக் கிடக்கும் கையையும் தொடையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து மயங்கி விழுகிறாள். அண்ணன் தம்பி, அப்பன், பிள்ளை, கணவன் என்று யாரை முதலில் தேடுவது என்று தெரியாமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள். போர்ப் பருவங்களில் எத்தனையோ தலைகள் உருண்டிருக்கின்றன, தாமரைக்கும் நிலவுக்கும் ஒப்பிடப்பட்டிருக்கின்றன. அந்த உவமைகளை எழுதிய கவிதான் இதையும் எழுதினார்.

துரியோதனன் மனைவியைப் பின்வந்த மரபு பானுமதி என்கிறது. இங்கே அவளுக்குப் பெயரில்லை, இலக்குமணனைப் பெற்றவள் என்பதே அடையாளம். ஒரு பக்கம் கணவன், ஒரு பக்கம் மகன். பிள்ளையின் தலையை முகர்கிறாள், உடனே திரும்பிக் கணவன் முகத்தைத் துடைக்கிறாள். யாருக்காக அழுகிறாள் என்று சொல்ல முடியவில்லையே என்கிறாள் காந்தாரி.

நூறு ஆண் பிள்ளைகளோடு காந்தாரிக்கு ஒரே ஒரு பெண், துச்சளை. சிந்து நாட்டு ஜயத்ரதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் களத்தில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். கணவன் உடல் கிடைத்துவிட்டது, தலை கிடைக்கவில்லை. பதினான்காம் நாள் அர்ஜுனன் அறுத்த தலை அது. கீழே விழச் செய்பவன் தலை வெடிக்கும் என்று ஜயத்ரதனின் தகப்பன் விருத்தக்ஷத்திரன் கூறியிருந்ததால், அம்புகளாலேயே தூக்கிச் சென்று, தவத்தில் இருந்த அந்தத் தகப்பன் மடியிலேயே போட்டான் அர்ஜுனன். வில்வித்தையின் உச்சம் என்று அந்த நாளைக் கதை சொல்லிகள் வர்ணிப்பார்கள். அந்த வித்தையின் விளைவு, ஒரு பெண் தலையைத் தேடி ஓடுவது. வனவாசத்தில் திரௌபதியைத் தூக்கிக்கொண்டு போனபோதே இவன் கொல்லத் தக்கவனாக இருந்தான், அன்று துச்சளையை நினைத்து உயிரோடு விட்டார்களே, இன்னொரு முறை நினைத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறாள் தாய். அபிமன்யுவை இழந்த அர்ஜுனனுக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படாது. துச்சளைக்குப் படும். இரண்டுக்கும் பாரதம் இடம் கொடுத்து வைத்திருக்கிறது.

அபிமன்யு கிடக்கும் இடத்தில் உத்தரை. விராடன் மகள், மணமாகி ஆறு மாதம், வயிற்றில் பிள்ளை. அவன் கவசத்தைக் கழற்றுகிறாள். ரத்தத்தில் ஒட்டிப்போன முடியைக் கையால் ஒதுக்கி, தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உயிரோடு இருப்பவனிடம் பேசுவதைப் போலப் பேசுகிறாள். ஆறு மாதம்தான் உம்மோடு எனக்கு விதித்திருந்தது, ஏழாவது மாதம் போய்விட்டீர் என்கிறாள். பேச்சு அழுகையோடு நிற்கவில்லை. கிருபர், கர்ணன், ஜயத்ரதன், துரோணர், அசுவத்தாமன் என்று பேர் சொல்லி எண்ணுகிறாள். தனியாக நின்ற சிறுவனை இத்தனை பேர் சூழ்ந்து கொன்றபோது அவர்கள் மனம் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். நீர் இல்லாமல் கிடைத்த ராஜ்யம் பாண்டவர்களுக்கு இனிக்காது என்கிறாள். மத்ஸ்ய நாட்டுப் பெண்கள் வந்து அவளை அப்புறப்படுத்துகிறார்கள். அவர்களாலும் அவளைத் தேற்ற முடியாது. சற்றுத் தள்ளி அவள் தகப்பன் விராடன் பிணமாகக் கிடக்கிறான்.

இந்தப் பருவத்தில் உச்சம் எது என்று கேட்டால், பூரிசிரவஸின் மனைவியர் என்றே சொல்ல வேண்டும். சோமதத்தன் மகனான பூரிசிரவஸ், சாத்யகியைக் கீழே தள்ளித் தலையை வெட்ட வாளை ஓங்கியிருந்தான். அப்போது அர்ஜுனன், தன்னோடு போரிடாத அவனுடைய கையைத் தூரத்திலிருந்து அறுத்தான். கையிழந்தவன் ஆயுதத்தைத் துறந்து, சாகும்வரை உண்ணா நோன்பில் உட்கார்ந்துவிட்டான். அந்த நிலையில் சாத்யகி எழுந்து வந்து, எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேளாமல், தலையை வெட்டினான். இப்போது அந்தக் கை அவன் மனைவி மடியில் இருக்கிறது. தானம் கொடுத்த கை, எதிரிகளை வென்ற கை என்று புகழ்கிறாள். அத்தோடு, தன் இடுப்பு மேகலையை இழுத்ததும் தன் உடலைத் தடவியதும் இந்தக் கைதான் என்கிறாள். போர்க்களத்தில் இத்தனை பேர் நடுவே, பள்ளியறை நினைவைத் தயங்காமல் சொல்கிறாள்.

9ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் இருந்த ஆனந்தவர்த்தனர் தமது த்வன்யாலோகத்தில் இந்த இடத்தை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். காதலின் நினைவு சோகத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது என்பது அவர் கண்டது. இலக்கணத்தை ஆராய்ந்தவர் சரியாகவே சொன்னார். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அறுந்து கிடந்த ஆயிரம் கைகளில் இது யாருடைய கை என்று அவளால்தான் சொல்ல முடிந்தது. எந்த வீரனும் எந்த வீரனையும் அப்படி அறிந்திருக்கவில்லை. கணவனுக்கு விசுவாசமாக இருந்த பெண்ணுக்கு இதிகாசம் அளித்த இடம் இது: கை கால் சிதறிக் கிடந்தவர்களுக்குப் பெயரையும் உடலையும் திருப்பிக் கொடுக்கிறவள் அவள்.

அந்தப் பெண்கள் அடுத்து கிருஷ்ணனைக் கேட்கிறார்கள். வேறொருவனோடு பொருதுகொண்டிருந்தவன் கையை அர்ஜுனன் உன் முன்னிலையில்தானே வெட்டினான்? அவனுடைய இந்தப் பெரும் செயலை நாளை சபைகளில் என்னவென்று சொல்வாய்? அவன்தான் எப்படிச் சொல்லிக்கொள்வான்? புகழுக்காகவே வாழ்ந்த சமூகத்தில், சபையில் எப்படிச் சொல்வாய் என்பதைவிடக் கூர்மையான அம்பு கிடையாது. கிருஷ்ணன் பதில் சொன்னதாக நூலில் இல்லை.

கடைசியில் காந்தாரியே கேட்கிறாள். உன்னிடம் ஆளும் படையும் வாக்கும் வலிமையும் இருந்தன. இரு தரப்பும் உன் பேச்சுக்குச் செவி சாய்த்தார்கள். தடுக்க முடிந்தவன் ஏன் சும்மா இருந்தாய்? கேட்டுவிட்டுச் சபிக்கிறாள்: இன்றைக்கு 36ஆம் ஆண்டில் உன் சுற்றத்தார் தமக்குள் வெட்டிக்கொண்டு மடிவார்கள், நீ காட்டில் தனியாகச் சாவாய், உன் குலத்துப் பெண்களும் இந்தப் பரத குலத்துப் பெண்களைப் போலவே விழுந்து புரண்டு அழுவார்கள். இந்தச் சாபத்துக்கு அவள் எடுத்த பலம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். கணவனுக்குப் பணிவிடை செய்து தான் சேர்த்த தவத்தைக் கொண்டே சபிக்கிறாள். கண்ணைக் கட்ட வைத்த அதே பற்று, கடவுளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. கிருஷ்ணன் புன்னகை செய்து, அது நடக்கும் என்று ஏற்றுக்கொள்கிறான். மௌசல பருவத்தில் அப்படியே நடந்தது.

பிறகு நெருப்பு மூட்டும் வேலை. எத்தனை பேர் செத்தார்கள் என்று திருதராட்டிரன் கேட்க, யுதிஷ்டிரன் 166 கோடியே 20 ஆயிரம் என்கிறான். காணாமல் போனவர்கள் 24,165 பேர். இந்தக் கணக்கு ஒத்துவராது. ஓர் அக்குரோணி என்றால் தேர், யானை, குதிரை, காலாள் எல்லாம் சேர்ந்து 2,18,700. இரு தரப்பின் 18 அக்குரோணிக்கு 39,36,600தான் ஆகிறது. எண்களை ஒத்துப் பார்ப்பதில் பயனில்லை. கோடிக்கணக்கில் சொல்லிக்கொண்டு வந்தவன், ஆள் அடையாளம் அற்றுப்போனவர்களைச் சொல்லும்போது மட்டும் ஒற்றை இலக்கம் வரைக்கும் இறங்கி 165 என்கிறானே, அங்கேதான் நிற்க வேண்டும். கேட்க ஆளில்லாதவர்களுக்கு யார் கொள்ளி வைப்பது என்பது கிழவரின் அடுத்த கேள்வி. தௌமியர், சுதர்மன், சஞ்சயன், விதுரன், யுயுத்சு, இந்திரசேனன் ஆகியோரிடம் அந்தப் பொறுப்பு போகிறது. சந்தனம், அகில், நெய், எண்ணெய் எல்லாம் வருகின்றன. உடைந்த தேர்களும் அடுக்கப்படுகின்றன. போர் செய்த தேரே விறகாயிற்று. பல நாட்டிலிருந்து வந்து பெயர் தெரியாமல் மாண்டவர்களை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து, விதுரன் நின்று எரிக்கிறான்.

கங்கைக் கரையில் எள்ளும் தண்ணீரும் விடும் நேரத்தில் குந்தி வாய் திறக்கிறாள். கர்ணன் உங்கள் மூத்தவன், அவனுக்கும் தண்ணீர் விடுங்கள் என்கிறாள். சற்று முன்பு களத்தில் கர்ணன் மனைவி விழுந்தும் எழுந்தும் கதறியபோது, பெற்றவள் அருகிலேயே வாய்மூடி இருந்திருக்கிறாள். முன்பே தெரிந்திருந்தால் இந்தப் படுகொலையே நடந்திராது என்று யுதிஷ்டிரன் உடைந்துபோகிறான். கர்ணனின் மனைவியரை அழைத்து வரச்செய்து அவர்களோடு சேர்ந்து நீர்க்கடன் கழிக்கிறான். இனிப் பெண்கள் மனத்தில் இரகசியம் தங்காமல் போகட்டும் என்று அவன் சாபமிடுவது சாந்தி பருவத்தில். தருமன் சொன்னவற்றில் மிகவும் சிறுமையான சொல் அது. சூதாடியது குந்தி இல்லையே.

இராமாயணத்திலும் போர் ஓய்ந்ததும் பெண்களே பேசுகிறார்கள். வால்மீகியின் மண்டோதரி, இராவணனைக் கொன்றது இராமன் இல்லை, அவனுடைய புலன்களே பகையாகி அவனைக் கொன்றன என்கிறாள். அவளுடைய பற்றில் குருட்டுத்தனம் இல்லை. தவறைத் தவறென்று சொல்லிக்கொண்டே அழுகிறாள். சீதை அதைவிட ஒருபடி மேலே போகிறாள். உனக்காக நான் போர் செய்யவில்லை, என் குலப் பெருமைக்காகச் செய்தேன், இனி நீ விரும்பிய இடம் போகலாம் என்று இராமன் சொன்னபோது, அனுமனை இலங்கைக்கு அனுப்பினாயே, அன்றே கைவிட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தால் நானும் உயிரை விட்டிருப்பேன், உனக்கும் உன் நண்பர்களுக்கும் இந்தச் சிரமம் வந்திருக்காது என்கிறாள். முழு யுத்த காண்டத்துக்கும் அவள் தரும் விடை அது. பிறகுதான் இலக்குவனிடம் சிதை அடுக்கச் சொல்கிறாள்.

கம்பர் இத்தகைய இடங்களில் கை வைத்திருக்கிறார். வால்மீகியில் வாலி இறந்தபின் தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள், கோபத்தோடு வந்த இலக்குவனை மது மயக்கத்தோடு எதிர்கொள்கிறாள். கம்பனில் அவள் அணிகலன் துறந்த கைம்பெண்ணாக வந்து வழிமறிக்கிறாள். அந்தக் கோலத்தைப் பார்த்து இலக்குவன், அயோத்தியில் இதே கோலத்தில் இருக்கும் தன் தாயரை நினைத்துக் கண்கலங்குகிறான். கோபம் அங்கே தணிகிறது. மண்டோதரியைக் கம்பர் இராவணன் மார்பின் மேலேயே உயிர் விடச் செய்துவிட்டார். தாரை விஷயத்தில் அவர் செய்த மாற்றம் காட்சியை உயர்த்தியது. மண்டோதரி விஷயத்தில் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. உயிரோடு இருந்து, தோற்ற நாட்டில் மறுநாள் கண்விழிக்கும் வால்மீகியின் மண்டோதரிக்குத்தான் பாரம் அதிகம்.

அந்த மறுநாளைப் பாரதமும் முழுதாகச் சொல்லவில்லை. திருதராட்டிரனும் காந்தாரியும் யுதிஷ்டிரன் அரண்மனையில் 15 ஆண்டு இருந்தார்கள், பீமன் காதில் விழும்படிக் குத்திப் பேசினான், தாங்காமல் காட்டுக்குப் போனார்கள், குந்தியும் கூடப் போனாள் என்பதெல்லாம் இருக்கிறது. நூறு மருமகள்கள் அந்த ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்பது இல்லை. பிறகு ஒருநாள் வியாசர் கங்கையிலிருந்து மாண்டவர்களை எல்லாம் ஓர் இரவுக்கு எழுப்பிக் காட்டுகிறார். பகையெல்லாம் ஆறி, கணவனும் மனைவியும், தாயும் பிள்ளையும் விடியும்வரை கூடி இருக்கிறார்கள். விடிந்ததும், கணவன் சென்ற உலகுக்குப் போக விரும்புகிறவர்கள் ஆற்றில் இறங்கலாம் என்கிறார் வியாசர். கைம்பெண்கள் இறங்கிவிடுகிறார்கள். அந்த இரவைப் போலக் கருணை நிறைந்த ஒன்றை எழுதியவரிடம், விடியலில் அவர்கள் கரையேறி வாழ ஒரு வழியும் இல்லாமல் போனது வருத்தம் தருகிறது. மௌசலத்தில் எஞ்சிய துவாரகைப் பெண்களுக்கும் அதே கதிதான். அர்ஜுனன் காவலாக அழைத்துப் போகையில் கம்பு பிடித்த ஆபீரர்கள் வழிப்பறி செய்கிறார்கள். காண்டீவத்தை நாணேற்றவே அவனுக்குக் கை ஓடவில்லை, அம்பும் தீர்ந்துபோகிறது. அவன் கண்ணெதிரே பெண்களை இழுத்துப்போகிறார்கள். சிலர் தாமாகவே போய்விடுகிறார்கள். குருட்சேத்திரத்தை வென்ற வில்லுக்கு 36 ஆண்டுக்குப் பின் அவ்வளவுதான் பலன்.

நூல்கள் விட்டதைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் முழுதாக விட்டுவிடவில்லை. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கடைசி நாள் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணில் பெரிய உருவாகப் படுக்க வைத்து, கூத்துக்காரர்கள் அதன்மேல் நின்று பீமனும் துரியோதனனுமாகப் போர் செய்வார்கள். தொடை பிளந்ததும் அம்மனுக்குக் கூந்தல் முடிப்பார்கள். வெற்றியின் உச்சம் அது. ஆனால் பல ஊர்களில் அந்த மண் உருவத்தின் அருகே காந்தாரியோ, கூத்தில் பெருந்திருவாள் எனப்படும் துரியோதனன் மனைவியோ வந்து ஒப்பாரி வைப்பதும் உண்டு. அம்மன் பக்கம் நின்று குலவையிட்ட பெண்களே அந்த ஒப்பாரிக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வில்லிபாரதத்தை வைத்து நடக்கும் விழாவில், வில்லி பாடாத பருவம் இப்படி வந்து சேர்ந்துவிடுகிறது.

ஆகையால் பாரதப் பிரசங்கம் செய்பவர்களிடமும், அவர்களை அழைக்கும் கோயில் நிர்வாகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். பதினெட்டாம் நாளோடு கதையை முடித்துப் பட்டாபிஷேகத்துக்குப் போய்விடாதீர்கள். இன்னும் ஒரு நாள் கூட்டி, ஸ்திரீ பர்வத்தைச் சொல்லுங்கள். துச்சளை தலை தேடியதையும், உத்தரை கேட்ட கேள்வியையும், பூரிசிரவஸின் மனைவியர் கிருஷ்ணனை மடக்கியதையும் குழந்தைகள் உட்பட எல்லோரும் கேட்கட்டும். வீட்டில் படிக்க விரும்புகிறவர்களுக்கும் இது பெரிய வேலை இல்லை. 27 அத்தியாயங்கள், அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் முடிந்துவிடும்.